இரண்டாம் சுருளில் வரும் பிணம்

கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் சினிமா மன்றம் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். ஞாயிறு தோறும் ஒரு படம் போட்டு, அது முடிந்ததும் படத்தைவிட நீளமாகப் பேசுகிறார்கள். போன மாதம் மன்றத்தின் செயலாளர் செந்தில் என் வீட்டுக்கு வந்தார். பரணில் இருக்கும் தகரப் பெட்டிகளை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏனுங்க மணியய்யா, இந்தப் பொட்டியில இருக்கறதுல யாருமே பார்க்காத நல்ல படமாப் பார்த்துச் சொல்லுங்க. நம்ம மன்றத்து மலர்ல போடலாமுங்க."

"யாரும் பார்க்காததுக்கு ஒரு காரணம் இருக்குமல்லங்க தம்பி?" என்றேன்.

"அதையும் சேர்த்தே எழுதுங்க" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். பரணில் இருப்பவை பதினொரு படங்கள். எல்லாம் பதினாறு எம்.எம். பிரதிகள், படத்துக்கு நாலு சுருள். பதினொன்றில் ஒன்றுகூட வெளியான ஊரில் இரண்டாம் வாரத்தைக் கண்டதில்லை. ஓடிய படங்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன, தங்கியதில்லை.

பார்க்கத் தக்கது என்று முதலில் 'அக்காவின் குடை'யைச் சொல்வேன். அதில் மூன்று கதைகள் இருக்கின்றன; ஒன்றும் முடிவதில்லை. ஆனால் மூன்றாம் சுருளில் ஒரு நடிகை சமையற்கட்டில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே பேசும் காட்சி வரும். நாலு நிமிடம், நடுவில் வெட்டே கிடையாது. அந்த அம்மாளின் கவனம் வசனத்தில் இல்லை, கொட்டையில்தான் இருக்கிறது. ஒரு கொட்டை வழுக்கி உருள்கிறது; அழுகைக்கு நடுவே அதை எட்டிப் பிடிக்கிறார். அந்த எட்டிப் பிடிப்புக்காகவே படத்தை முப்பது தடவையாவது ஓட்டியிருப்பேன்.

அடுத்தது 'தபால் வராத ஊர்'. துப்பறியும் படம். கொலைகாரன் யார் என்பதைச் சுவரொட்டியிலேயே போட்டிருந்தார்களாம். அதை விட்டுவிடலாம். முதல் சுருளின் கடைசியில் ஒரு பேருந்து நிலையத்தில் நிஜ மழை வருகிறது. நடிகர்கள் ஓடிவிடுகிறார்கள், காமிரா ஓடவில்லை. பழக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கிழவர், சைக்கிளோடு டீக்கடைக்குள் நுழையும் போலீஸ்காரர், எல்லாம் இருக்கிறது. கதை தொலைந்து போன அந்த இரண்டு நிமிடத்தைப் பாருங்கள்.

'எதிர்வீட்டு வானொலி'யைப் பரிந்துரைக்கவில்லை. பெட்டியில் இருப்பதால் சொல்கிறேன்.

நாலாவது, 'கண்ணீருக்கு வாடகை'. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். இந்தப் படத்தை எடுத்தவர்கள்கூட இதை இத்தனை தடவை பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களில் ஒருவருக்கு இதனால் வீடு தங்கியது. இன்னொருவர் தனக்குத் தானே ஒரு மெமோ எழுதிக்கொண்டார்.

என் தொழிற்கல்வி இரண்டு வரியில் அடங்கிவிடும். அப்பாவின் கடலைக் காட்டில் களை எடுக்காமல் டூரிங் கொட்டகைக்கு ஓடினேன். நாலு வருஷம் கொட்டகைப் புகையைக் குடித்து, ஆப்பரேட்டர் லைசென்ஸ் பரீட்சையில் இரண்டாம் தடவை தேறினேன். எழுபதுகளின் தொடக்கத்தில், மாட்டுப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு தேயிலைக் கம்பெனியில் பதினாறு எம்.எம். புரொஜெக்டர் ஓட்ட ஆள் கேட்டார்கள். மலையேறினேன். ஆறு டிவிஷன், டிவிஷனுக்கு மாதம் ஒரு படம். தொழிலாளர் நலம் என்று அதற்குப் பெயர்.

என் மேலதிகாரி லேபர் ஆபீசர் மாதவக் குறுப்பு. நலமும் ஒழுங்கு நடவடிக்கையும் அவர் ஒருவர் பொறுப்பு. மேசையின் வலது இழுப்பறையில் நலம், இடது இழுப்பறையில் விசாரணை. வெயிலிலும் குடையோடு நடப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தத் தாளையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை அதில் எழுதியிருப்பதை, இரண்டாம் தடவை எழுதாமல் விட்டதை. பிறகு "செரி. பக்ஷே..." என்று தொடங்குவார். 'ஆனால்' என்று பொருள்படும் அந்த மலையாளப் 'பக்ஷே'வுக்குப் பின்னால் வந்ததுதான் எங்களுக்கெல்லாம் சட்டம்.

படம் தேர்ந்தெடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். கோயம்புத்தூர் வினியோகஸ்தரிடமிருந்து பெட்டி உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஏறி வரும். முதலில் நான் மேசையில் சுற்றிப் பார்ப்பேன். வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டு, பிலிமின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே ஓடவிட்டால், கிழிந்த பல்துளை விரலில் முள் மாதிரி தட்டும். அங்கே நிறுத்தி, சுரண்டி, ஒட்டுப் பசை தடவி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். அதன் பிறகு ஆபீசின் பின்னறையில் சுண்ணாம்புச் சுவர்மேல் குறுப்பு சாருக்கு மட்டும் ஓட்டிக்காட்ட வேண்டும். அவர் முழங்காலில் பதிவேட்டை வைத்துக்கொண்டு பார்ப்பார். அதில் படத்தின் பெயர், நீளம், ஆட்சேபணை, காரணம் என்று நாலு கட்டம். பச்சை மையில் எழுதுவார்.

வேலை நிறுத்தம் வந்தால் ஆட்சேபணை. முதலாளி கெட்டவனாக இருந்தால் ஆட்சேபணை. முதலாளி நல்லவனாக இருந்து கடைசியில் செத்துப் போனாலும் ஆட்சேபணை. நன்றாக ஓடிய ஒரு படத்தில் கதாநாயகன், "எனக்குக் காப்பிதான் பிடிக்கும்" என்கிறான். அதையும் திருப்பி அனுப்பினோம். தேயிலைத் தொழிலாளியிடம் போய் அப்படிச் சொல்லலாமா என்று காரணம் எழுதினார். இப்படி நல்ல படமெல்லாம் அடுத்த பஸ்ஸிலேயே மலையிறங்கும். எவருக்கும் எந்த ஆட்சேபணையும் தோன்றாத படங்கள் மட்டும் தங்கும். அவற்றைத் திரும்பக் கேட்க வினியோகஸ்தருக்கும் தோன்றாது. என் சேகரிப்பின் ரசனை அவருடையதுதான். பரண் மட்டும் என்னுடையது.

எங்கள் மேல் டிவிஷனில் மாடசாமி என்று ஒரு கவ்வாத்துக்காரர் இருந்தார். தேயிலைச் செடியை மட்டம் வெட்டுகிற வேலை. அவருடைய அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். படம் போடும் நாளில் புரொஜெக்டர் பெட்டியைத் தோளில் வைத்து மேட்டில் ஏற்றித் தருவது அவர்தான். நான் அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கி ஏறுவேன். அந்த ஏற்றத்தில் என் கண்ணுக்கு நேரே இருப்பது அவருடைய வெறுங்கால். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. கவ்வாத்துக் கத்தி பட்டுச் சீழ் வைத்து, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஜோசப் டாக்டர் எடுத்துவிட்டார்.

ஒரு புதன்கிழமை மூன்று மணி வாக்கில், ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில், சூப்பர்வைசர் பொன்னையா வடிகாலுக்குள் விழுந்து கை ஒடிந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளியதாகச் சொன்னார். யார் என்று கேட்டதற்கு, "மாடசாமியாத்தான் இருக்கும்" என்றார். முந்தின வாரம் இருவருக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. மாடசாமி அன்று காய்ச்சல் என்று டாக்டரிடம் சீட்டு வாங்கி லீவில் இருந்தார். வீட்டில் படுத்திருந்தேன் என்றார். வீடு பகல் முழுக்கப் பூட்டியிருந்ததாக லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் சொன்னார்கள். வீட்டில் இல்லாதவன் காட்டில்தான் இருந்திருப்பான் என்று முடிவாயிற்று. விசாரணை முடியும்வரை வேலை நிறுத்தி வைப்பு. விசாரணை அதிகாரி, இடது இழுப்பறையின் சொந்தக்காரர், குறுப்பு சார்.

விசாரணை பதினாலு மாதம் நடந்தது. சூப்பர்வைசரின் கை கூட வேண்டியிருந்தது. கூடியதும் அவர் ஊருக்குப் போனார். வந்ததும் மழைக்காலம். மாடசாமி தினமும் ஆபீஸ் வாசலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் மனைவி பேச்சியம்மா கொழுந்தெடுத்துக் கொண்டுவந்ததில்தான் வீடு நடந்தது. குற்றம் உறுதியானால் பணிநீக்கம். பணிநீக்கம் என்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒரு ஊர்ப் பெயர் இருந்தது. அங்கே ஆள் யாரும் இல்லை.

இந்த நிலையில்தான் 'கண்ணீருக்கு வாடகை' பெட்டி வந்தது. ஒரு நாள் முழுக்க மாட்டுப்பட்டி அணைப் பக்கம் படப்பிடிப்பு நடந்த படம் என்பதால் எனக்குக் கொஞ்சம் ஆவல். சென்னையில் ஐந்து நாள் ஓடியதாகக் கேள்வி. மேசையில் சுற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுருளில் ஓர் இடத்தில் பல்துளை கிழிந்து விரலில் தட்டியது. ஒட்டிவிட்டு, ஒட்டு நிற்கிறதா என்று பார்க்க அந்தப் பகுதியை மட்டும் சுவரில் ஓட்டினேன்.

கதாநாயகியின் தகப்பனாரின் சவ ஊர்வலம். பாடை காமிராவை நோக்கி வருகிறது, கால் முன்னால். பெருவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கால்கள் திரை முழுக்க நிறைகின்றன. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

எத்தனை மேடு ஏறியிருக்கிறேன் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு! எனக்குச் சந்தேகமே வரவில்லை. நேரே லயத்துக்குப் போய் மாடசாமியைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கு மூணு மணிக்கு நான் செத்துக் கெடந்தேன் அண்ணாச்சி" என்றார்.

பிணமாக நடிக்க வந்த ஆள் மலைக்குளிரில் நடுங்கியிருக்கிறார். பிணம் நடுங்கினால் காட்சி கெடும். வேடிக்கை பார்க்கப் போன மாடசாமியைப் பிடித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். காலை பத்து மணியிலிருந்து நாலு மணி வரை, சாப்பாட்டு நேரம் தவிர, செத்துக் கிடந்திருக்கிறார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்லுதது? காய்ச்சச் சீட்டு பொய்யின்னு ஆகும். அந்த டாக்டரு நல்ல மனுசன், அவருக்கும் கேடு. அதுகூடப் பரவால்ல அண்ணாச்சி. அந்த வருசம் எனக்குக் கண்டம்னு ஜோசியக்காரன் சொல்லிட்டான். என் வீட்டுக்காரி செவ்வாய்க்குச் செவ்வாய் பட்டினி கெடந்து காளியம்மனுக்கு வெளக்குப் போடுதா. அந்த நேரத்துல நான் போயிப் பாடையில ஏறிப் படுத்தேன்னு தெரிஞ்சா, அவ உசிரையே விட்ருவா. வேல போனாப் போவட்டும்."

பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக வீட்டையே இழக்கத் தயாராக இருந்த மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் அவர் சம்மதிக்கும்வரை விடவில்லை. அவர் பாடையில் இருந்தார் என்பதைப் பேச்சியம்மா காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தேன். அந்த அம்மாளிடம், கூட்டத்தில் ஒருவராக நின்றார் என்று சொன்னால் போதும்.

ஆனால் என்னை உறங்கவிடாத விஷயம் வேறு. அதே காட்சியில், பாடைக்கு இடது பக்கம், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் ஒருவர் குடையோடு நிற்கிறார். வெயில் அடிக்கிறது, குடை விரிந்திருக்கிறது. பார்வை பாடையின் மேல் இல்லை, கதாநாயகியின் மேல் இருக்கிறது. அது குறுப்பு சார்.

திங்கட்கிழமை பின்னறையில் அவருக்கு ஓட்டிக்காட்டினேன். இரண்டாம் சுருள் வந்தது. பாடை வந்தது, கால் வந்தது, குடை வந்தது, போயிற்று. நான் புரொஜெக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒருக்கால் கூடிப் போடு" என்று மறுபடி ஓட்டச் சொன்னார்.

போட்டேன். பார்த்தார். பதிவேட்டைத் திறந்து பச்சை மையில் எழுதிக் கொடுத்துவிட்டு, மீதிச் சுருள்களைப் பார்க்காமலே எழுந்து போனார். 'ஆட்சேபணைக்குரியது. திருப்பி அனுப்பவும்' என்று இருந்தது. காரணம் என்ற கட்டம் காலி. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் காலியாக விட்ட முதல் கட்டம் அது.

மதியம் உடுமலைப்பேட்டை பஸ் வந்தது. பெட்டியை ஏற்ற வேண்டும். நான் பஸ்ஸைப் பார்த்தேன், பஸ் என்னைப் பார்த்தது, ஏற்றவில்லை. அனுப்புகைப் பதிவேட்டில், 'கனமழை. பஸ் இல்லை' என்று எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். அதையும் வானம் நீலமாக இருந்த நாளில் எழுதினேன்.

புதன்கிழமை காலை குறுப்பு சார் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் என் பதிவேடு.

"திங்களாழ்ச மழை பெய்ததோ மணி?"

"பெஞ்சுதுங்க சார்."

"நான் குடை பிடிச்சுத்தான் நடந்தேன். நனைஞ்ச ஓர்மை இல்லையே."

அவர் அந்த வரியை இரண்டாம் தடவை படித்தார். பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்திட்டார். மழை பெய்தது என்பது அத்தோடு ஆபீஸ் ரிக்கார்டு ஆகிவிட்டது.

"செரி. பக்ஷே பெட்டி இங்கே உண்டல்லோ. வெள்ளியாழ்ச விசாரணைக்குக் கொண்டுவா. நீ சாட்சி."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி. தொழிலாளர் மன்றக் கூடத்தின் ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு இருட்டாக்கினோம். குறுப்பு சார், டைப்பிஸ்ட், கையில் வளைவு இன்னும் மாறாத பொன்னையா, ஜோசப் டாக்டர், மாடசாமி, நான். திரையில் பாடை வந்தது.

"நிறுத்து" என்றார் குறுப்பு சார்.

"நிறுத்தினா எரியுமுங்க சார். விளக்குச் சூடு."

"எத்ர நேரத்தில்?"

"ரெண்டு எண்ணறதுக்குள்ள."

"ஒண்ணு மதி." ஒன்று எண்ணினால் போதுமாம்.

நிறுத்தினேன். பாதங்கள் திரையில் அசையாமல் நின்றன. அவர் ஒன்று எண்ணினாரோ ஒன்றரை எண்ணினாரோ, பாடையின் நடுவில் தோசை மாதிரி ஒரு கொப்புளம் கிளம்பிப் பழுப்பாகி விரிந்தது. சட்டென்று மோட்டாரைப் போட்டேன்.

"எத்ர படம் போச்சு?"

"ஒண்ணுங்க சார். அந்தக் காட்சி நாலு செகண்டு. தொண்ணூத்தாறு சின்னப் படம் இருக்கும்."

"எழுதிக்கோ," என்றார் டைப்பிஸ்டிடம், "சான்றுப் பொருளில் ஒரு படம் விசாரணையின்போது விசாரணை அதிகாரியின் உத்தரவால் எரிந்தது. மீதி தொண்ணூற்றைந்து."

கருகிய இடத்தை எப்படியும் வெட்டி ஒட்ட வேண்டும். அடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வெட்டி, ஒரு கம்பளியை விலக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் பையிலிருந்த பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கால் மாடசாமியுடையது என்று சொன்னால், தான் கொடுத்த சீட்டு பொய் என்று சொன்னதாகிவிடும்.

"இந்த விரலை எடுத்தவன் நான்தான்" என்றார். "தையல் கோணலாகப் போனது எனக்கு நல்ல ஓர்மை. இது மாடசாமி."

"அன்று இயாளுக்கு ஜுரம் என்று சீட்டுக் கொடுத்ததும் டாக்டர்தானே?"

"அதே."

"ஜுரம் உள்ள ஆள் மாட்டுப்பட்டியில் எங்ஙனெ?"

டாக்டர் பூதக்கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார். "ஜுரம் முற்றிப் போயிருக்கும். மரிச்சுக் கிடக்கிறாரல்லோ" என்றார்.

சிரித்தது டைப்பிஸ்ட் மட்டும்தான். குறுப்பு சார் கொண்டுவந்திருந்த கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். மாட்டுப்பட்டியில் படம் எடுக்கக் கம்பெனி லாரி கொடுத்து அவரே பச்சை மையில் எழுதிய அனுமதி. ஒரே ஒரு நாளைக்கு மட்டும், அந்தப் புதன்கிழமைக்கு. அதைப் பதிவு செய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாட்சி, அந்தக் காட்சி இனியொருக்கால் போடு. பாடைக்கு இடது பக்கம் குடையோடு நிற்பது யார்?"

புரொஜெக்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சார்... நீங்க."

"பேர் சொல்லு. ரிக்கார்டுக்கு வேணும்."

"மாதவக் குறுப்பு சாருங்க."

"'சார்' வேண்டாம்" என்றார் டைப்பிஸ்டிடம். "மாதவக் குறுப்பு என்று மட்டும் அடி. இனி நான் சொல்லுவதையும் அடி. அன்றைய என் டைரியில், மூன்று மணிக்கு ஒன்பதாம் நம்பர் காட்டில் வடிகால் பார்வையிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். பார்வையிடவில்லை. மாட்டுப்பட்டியில் நின்றிருந்தேன்."

அவர் மட்டும் டைரியில் எழுதிய இடத்தில் இருந்திருந்தால், பொன்னையா விழுந்ததை நேரில் பார்த்த ஒரே சாட்சி அவராகத்தான் இருந்திருப்பார். பதினாலு மாதத்துக்கு வேலையே இருந்திருக்காது. இதை அவரும் நினைத்திருக்க வேண்டும். பேனாவுக்கு மூடி போட்டார்.

"இப்போ நான் சாட்சியாயி. சாட்சிக்கு விசாரணை செய்ய யோக்கியதை இல்லை" என்று சொல்லி, விசாரணை அதிகாரியின் நாற்காலியிலிருந்து எழுந்து, மாடசாமி உட்கார்ந்திருந்த பெஞ்சின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். நாற்காலி காலியாக இருந்தது. டைப்பிஸ்டுக்கு எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

வேறு எஸ்டேட்டிலிருந்து அதிகாரி வந்து விசாரணையைப் புதிதாக நடத்தினார். அந்தக் காட்சியை அவர் ஒன்பது தடவை பார்த்தார். எட்டாவது தடவைக்குப் பிறகு கதையைக் கேட்டார். பொன்னையாவும், யாரும் தள்ளியதைத் தான் பார்க்கவில்லை, "தள்ளினமாதிரி இருந்துச்சு" என்று இறங்கி வந்தார். வடிகால் ஓரத்தில் பாசி உண்டா என்று கேட்டதற்கு, உண்டு என்றார்.

தீர்ப்பு வந்தது. தள்ளிய குற்றத்திலிருந்து மாடசாமிக்கு விடுதலை. பொய் லீவுக்கு நாலு நாள் வேலை நிறுத்தி வைப்பு. பதினாலு மாதம் ஏற்கெனவே நின்றவருக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. டாக்டருக்கு எச்சரிக்கை. டைரியில் பொய் எழுதிய குறுப்பு சாருக்கு ஒரு மெமோ. ஆனால் கம்பெனியில் மெமோ எழுதும் ஆபீசர் அவர் ஒருவர்தான். ஆகவே மேனேஜர் அவரிடமே சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். குறுப்பு சார் அதைப் பெற்றுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மூன்றாம் வரியில் விதி எண் தப்பு என்று சுட்டிக்காட்டிப் பதில் எழுதினார். விளக்கம் ஏற்கப்பட்டது.

வினியோகஸ்தர் படத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினார். அது சான்றுப் பொருள், கோப்பை விட்டு நகரக்கூடாது என்று குறுப்பு சார் பதில் எழுதினார். இரண்டு கடிதத்துக்குப் பிறகு அவர்கள் விட்டுவிட்டார்கள். ஐந்தாறு வருஷம் கழித்து, பணியிலிருந்து ஓய்வு பெறும் நாளில், 'இப்பொருள் இனி எந்தக் கோப்புக்கும் தேவையில்லை' என்று ஒரு தாளில் எழுதி, பெட்டியோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார். என்னிடம் உள்ள படங்களில் முறையான காகிதத்தோடு இருப்பது இது ஒன்றுதான்.

படம் ஜனங்களுக்குக் காட்டப்பட்டதையும் சொல்ல வேண்டும். தீர்ப்பு வந்த மறுவாரமே மேல் டிவிஷன் முழுக்க அந்தப் படத்தைக் கேட்டது. குறுப்பு சார் பதிவேட்டில் பழைய ஆட்சேபணையை அடித்து, 'நீக்கப்பட்டது' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், 'பொதுமக்கள் விருப்பம்' என்று போட்டார். ஞாயிறு மதியம் கூடத்தில் காட்சி. முன்னூறு பேருக்கு மாடசாமி பாடையில் வருவார் என்று தெரியும். பேச்சியம்மாவுக்கு மட்டும் தெரியாது என்று அந்த முன்னூறு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாடசாமி என் அருகே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணாச்சி, அவ முன்னால உக்காந்திருக்கா. அந்த இடம் வரும்போது எதாவது பண்ணுங்க" என்றார். பண்ணலாம். வேண்டாத காட்சி வரும்போது லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மறைப்பது ஆப்பரேட்டர் எவனுக்கும் தெரிந்த வேலை. அவரைப் பேச்சியம்மா பக்கத்தில் போய் உட்காரச் சொன்னேன்.

இரண்டாம் சுருள். பறை கேட்டது. நான் கையை உயர்த்தி லென்ஸுக்கு முன்னால் கொண்டுபோனேன். திரையில் என் ஐந்து விரல்கள் பெரிதாக விழுந்தன.

முதல் வரிசையில் பேச்சியம்மா எழுந்து திரும்பினார்.

"ஏ ஆப்பரேட்டர் அண்ணாச்சி, கைய எடும். எனக்கும் பாக்கணும்."

எடுத்துவிட்டேன். பாடை வந்தது. இரண்டு கால், ஒன்பது விரல். பேச்சியம்மா இடுப்பில் கை வைத்து, திரையில் கிடந்த புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்:

"எந்திரிங்க! கெடந்தது போதும்."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மாடசாமி சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். அவருடைய நிழல் திரையில் பாடைமேல் விழுந்தது. கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. அதற்குப் பின் படத்தின் வசனம் எதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

சுருள் மாற்ற விளக்கைப் போட்டேன். பேச்சியம்மா புருஷனை விட்டபாடில்லை.

"எல்லாம் எனக்கு ஒரு மாசமாத் தெரியும். பாடையில ஏறி, ஊரு கூடி அழுது, கொண்டுபோயும் எறக்கியாச்சு. பெறவு கண்டம் எங்கேருந்து வரும்? அன்னைக்கே கழிஞ்சு போச்சுல்லா! மொத நாளே வாயத் தொறந்து சொல்லியிருந்தீகன்னா, நான் இத்தன செவ்வாய்க்கெழம பட்டினி கெடந்திருக்க மாட்டேன்."

மாடசாமியின் மடியிலிருந்த வெற்றிலைப் பையை அந்த அம்மாள் எடுத்து, தனக்கு ஒன்று மடித்துக்கொண்டு, அவருக்கும் ஒன்று மடித்துக் கொடுத்தார். மூன்றாம் சுருளில் கதாநாயகியின் கல்யாணம். அதை யாரும் பார்க்கவில்லை.